குளத்தில் ஜேசிபி இறங்குமுன் நோட்டுப்புத்தகம்: குமரி மாவட்டத்தில் ஊர்ப் பொதுநிலத்தை ஆய்வோடு மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் கணக்கில் இருக்கின்றன. கோடை வந்தால் அதில் ஏதாவது ஒன்றில் ஜேசிபி இறங்கும், பேனர் கட்டுவார்கள், கரையில் நூறு கன்று நடுவார்கள், போட்டோ வரும். அடுத்த ஆண்டு அதே குளத்தில் ஆகாயத்தாமரை பழையபடி மூடிக்கிடக்கும். செலவழித்த பணத்தால் என்ன நடந்தது, பறவை கூடியதா, தண்ணீர் அதிக நாள் நின்றதா என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரிடமும் ஒரு தாள்கூட இருக்காது.

அந்தத் தாளை உண்டாக்குவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. ஊர் இளைஞர் மன்றம், பஞ்சாயத்து வார்டு உறுப்பினர், பள்ளிப் பசுமைப் படை ஆசிரியர், ஏலா (வயல்) விவசாயிகள் சங்கம் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். பெரிய படிப்பு தேவையில்லை. ஒரே இடத்தில், ஒரே முறையில், சலிக்காமல் அளக்கிற பொறுமை வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பாசனக் குளத்தையே எடுத்துக்கொள்கிறேன். மேய்க்கால் புறம்போக்கு, ஆற்றோரம், காயல் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

படி 1: நிலம் யாருடையது?

குமரியில் இந்தக் கேள்விக்குப் பதில் ஊருக்கு ஊர் மாறும். ஒரு குளம் நீர்வளத்துறையிடம் இருக்கும், பக்கத்துக் குளம் ஊராட்சியிடம், அதற்கடுத்தது பேரூராட்சியிடம், கோயில் தெப்பக்குளம் அறநிலையத்துறையிடம். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் அடிப்படைப் பதிவேட்டைப் பாருங்கள். புல எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே புலப்படத்தின் நகலும் வாங்குங்கள். அ-பதிவேட்டு விவரத்தை வருவாய்த்துறையின் இணைய சேவையிலேயே எடுத்துவிடலாம்.

பதிவேட்டில் உள்ள பரப்புக்கும் கண்ணால் பார்க்கிற பரப்புக்கும் வித்தியாசம் இருந்தால் நீங்களே கயிறு கட்டி எல்லை போடப் போகாதீர்கள். வட்டாட்சியருக்கு மனு கொடுத்து நிலஅளவர் மூலம் அளக்கச் சொல்லுங்கள். நீர்வளத்துறைக் குளமென்றால் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் இருக்கிறது, அந்த வேலையை அந்தச் சட்டம் செய்யட்டும். ஆக்கிரமிப்புச் சண்டையையும் ஆய்வையும் ஒரே குழு தூக்கிச் சுமந்தால் ஆய்வுதான் முதலில் கீழே விழும்.

சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத் தொகுப்பும் வேம்பனூரும் 2022 முதல் ராம்சர் தலங்கள், அதாவது உலக முக்கியத்துவம் உள்ளவை என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலங்கள். அங்கே ஈரநில விதிகள் 2017 பொருந்தும். வனத்துறைக்குத் தெரியாமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது. காட்டுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம். 2008இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர், அகஸ்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தோடு சேர்ந்தது. அங்கே நடக்கும் மீட்புப் பணியில் பங்கெடுக்க ஆசை என்றால் மாவட்ட வன அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். தனியாகக் கன்றோடு மலையேற வேண்டாம்.

இன்னொருவரையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்: குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். நம்மூரில் தாமரைக்கும் மீனுக்கும் குளங்கள் ஏலம் போகின்றன. தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் தாமரையில் ஒரு பகுதி இங்கிருந்துதான் பறிக்கப்படுகிறது. தண்ணீர் எந்த மாதம் வடிகிறது, எந்த மூலையில் சேறு ஆழம், வலையில் என்ன மீன் விழுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவு எந்த அதிகாரிக்கும் தெரியாது. அவர் எதிராளியாகிவிட்டால் வேலை நடக்காது.

படி 2: ஒரு கேள்வி

'குளத்தைச் சுத்தம் செய்வோம்' என்பது ஆசை. 'தெற்குப் பாதியில் ஆகாயத்தாமரையை எடுத்தால், அடுத்த 2 ஆண்டுகளில் அங்கே நீர்ப்பறவை இனங்கள் கூடுமா?' என்பது கேள்வி. கேள்வியில் இடம், செயல், காலம், எதை அளப்பது என்ற நான்கும் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கேள்விக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எதைப்போல மீட்கப்போகிறோம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சூழல் மீட்பு ஆய்வாளர்கள் இதற்கு முன்மாதிரிச் சூழல் என்று ஒன்றை எடுத்துக்கொள்வார்கள்: அதே மண், அதே மழை, ஆனால் அதிகம் கெடாத இடம். கரை மரங்களுக்கு நம்மிடம் நல்ல முன்மாதிரி இருக்கிறது, பக்கத்துச் சாஸ்தா காவு, அதாவது கோயில் காடு. அங்கே நிற்கிற மரம், கொடி, புதரையெல்லாம் பட்டியல் போட்டாலே உங்கள் கரைக்கு எது பொருந்தும் என்பது பாதி தெரிந்துவிடும்.

படி 3: பழைய முகம்

கூகுள் எர்த்தில் பழைய படங்களைப் புரட்டிப் பாருங்கள். இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1980களிலிருந்து 30 மீட்டர் துல்லியம். இப்போதைய நிலைக்கு சென்டினல்-2 போதும், 10 மீட்டர் துல்லியத்தில் சுமார் 5 நாளுக்கு ஒரு படம். எந்த ஆண்டில் எந்த மாதம் தண்ணீர் எவ்வளவு பரப்பில் நின்றது என்பதை இதில் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. நம் மாவட்டப் படங்களில் 2017 நவம்பர் கடைசியில் ஒரு வெட்டு விழும், அது ஒக்கி புயல். ரப்பர், தென்னை, வாழை என்று சாய்ந்துபோன மரப்பரப்பைப் பார்த்துவிட்டு 'யாரோ வெட்டிவிட்டார்கள்' என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள். 2021 நவம்பர் வெள்ளமும் அப்படித்தான், அந்த மாத நீர்ப்பரப்பை வழக்கமான அளவு என்று கணக்கில் எடுக்கக் கூடாது.

செயற்கைக்கோள் சொல்லாததை மடை பார்த்த பெரியவர்கள் சொல்வார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகத்துக்கும் தண்ணீர் எட்டியதா, குளம் நிறைந்து வழியும் மறுகால் எந்த மாதம் பாயும், எந்த வருடம் பாயாமல் போனது என்று கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகு எழுதுங்கள்.

படி 4: வேலைக்கு முந்திய அளவு

இதுதான் எல்லோரும் தாண்டிப் போகிற படி, ஆகவே இதில் கொஞ்சம் நிற்கலாம். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் குறைந்தது மூன்று முறை அளக்க வேண்டும்: கோடையில் ஒன்று, ஆகஸ்ட் வாக்கில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. ஒரே ஒரு முறை அளந்துவிட்டு வேலையைத் தொடங்கினால் மழை செய்த மாற்றத்தை உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வீர்கள்.

தண்ணீர் மட்டம்: மடைக் கல்லில் பெயின்டால் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். பொதுச் சொத்து என்பதால் துறையிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். வாரம் ஒரு நாள் ஒரு பள்ளிப் பிள்ளை பார்த்து எழுதினால் போதும். இந்த அளவுகளில் மிக மலிவானதும் மிக உபயோகமானதும் இதுதான்.

தெளிவு: 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தட்டை நான்காகப் பிரித்துக் கறுப்பு, வெள்ளை மாறிமாறி அடியுங்கள். நடுவில் ஓட்டை, அதில் அளவு குறித்த கயிறு, கீழே ஒரு கனம். செக்கித் தட்டு என்பார்கள், பழைய எவர்சில்வர் தட்டே போதும். காலை 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், நிழல் விழும் பக்கமாக, கூலிங் கிளாஸ் போடாமல் மெதுவாக இறக்குங்கள். தட்டு மறைகிற ஆழம் ஒன்று, தூக்கும்போது திரும்பத் தெரிகிற ஆழம் ஒன்று. இரண்டின் சராசரிதான் அளவு. ஒரே ஆள் எப்போதும் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் வித்தியாசப்படும்.

கரைந்த ஆக்சிஜன்: இதை விடியற்காலையில் அளக்க வேண்டும். பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜன் விடும், இரவெல்லாம் அவையே இழுத்துக்கொள்ளும். அதனால் மீன் மூச்சுத் திணறுவது விடியலில்தான். மதியம் அளந்துவிட்டு 'நல்லாயிருக்கு' என்றால் பொருளில்லை. லிட்டருக்கு 4 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்க வேண்டும், அமிலகாரநிலை (pH) 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மீனுக்கும் வனவுயிர்களுக்குமான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. ஆக்சிஜனை இடத்திலேயே சோதிக்க வேண்டும், அதற்கு கிட் கிடைக்கிறது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால் வழியிலேயே அளவு மாறிவிடும். மற்ற சோதனைகளுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கேட்கலாம்.

செடி: பிவிசி குழாயில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் சட்டம் செய்யுங்கள். கரையிலிருந்து தண்ணீரை நோக்கி ஒரு கயிறு கட்டி, 10 மீட்டருக்கு ஒரு முறை சட்டத்தை வையுங்கள். உள்ளே என்னென்ன செடி, ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். சட்டத்தைக் கைபோன போக்கில் எறிந்தால் கை தானாகப் பச்சையான பக்கம்தான் போகும். பெயர் தெரியாத செடிக்கு 'அ', 'ஆ' என்று குறியிட்டு போட்டோ எடுத்து வையுங்கள். நாகர்கோவில் கல்லூரிகளின் தாவரவியல் துறையில் யாராவது பிறகு சொல்லிவிடுவார்கள்.

பறவை: காலை 6.30க்குத் தொடங்கி 9 மணிக்குள். கரையில் மூன்று நான்கு இடங்களை நிரந்தரமாகக் குறித்துக்கொண்டு, இடத்துக்கு 20 நிமிடம். ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத. நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, இலைக்கோழி, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், மீசை ஆலா எல்லாம் இங்கே எளிதில் கண்ணில் படும். பெரிய கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுங்கள். ஜனவரிக் கணக்கை ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களோடு பொருத்தினால் உங்கள் எண் உலகக் கணக்கில் சேரும். அது 1987 முதல் நடக்கிறது. பக்கத்தில் திருநெல்வேலிப் பக்கம் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011 முதல் ஊர்மக்களையும் மாணவர்களையும் வைத்தே ஆண்டுதோறும் நடந்துவருகிறது. ஆகவே இது நம்மால் ஆகாத காரியமில்லை.

படம்: கரையில் நான்கு கல் நட்டு, ஒவ்வொரு கல்லிலும் நின்று ஒரே திசையில், போனை ஒரே மாதிரிக் குறுக்காகப் பிடித்து எடுங்கள். பத்து ஆண்டு கழித்து எல்லோரும் கேட்கப்போவது இந்தப் படங்களைத்தான்.

படி 5: தொடாத குளம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உங்கள் குளத்தைப் போலவே இருக்கிற, அதே சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் வாங்குகிற, நீங்கள் எந்த வேலையும் செய்யப்போகாத இன்னொரு குளத்தையும் அதே முறையில், அதே வாரத்தில் அளந்து வாருங்கள்.

ஏன் என்றால், ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: வேலைக்கு முன் உங்கள் குளத்தில் 120 பறவை, பின் 180. கைதட்டல் விழும். தொடாத குளத்தில் அதே காலத்தில் 100 இருந்தது 150 ஆகியிருக்கிறது. அங்கே யாரும் எதுவும் செய்யாமலே 50 கூடியிருக்கிறது, நல்ல மழை அல்லது வடக்கே வறட்சி. உங்கள் குளத்தில் கூடியது 60. அப்படியானால் உங்கள் வேலையின் பங்கு 10தான். ஆய்வுலகில் முன்–பின்–ஒப்பீடு–தாக்கம் என்று சொல்லப்படும் முறை இந்தக் கழித்தல் கணக்குதான். இரண்டு மூன்று தொடாத குளங்கள் கிடைத்தால் இன்னும் உறுதி.

அந்த 10 என்ற எண் சின்னதாகத் தோன்றலாம். ஆனால் அதிகாரி ஒருவர் அடுத்த ஆண்டுப் பணத்தை எங்கே போடுவது என்று முடிவெடுக்க உதவுவது அதுதான், 180 இல்லை.

படி 6: வேலை

முதலில் எப்போது என்பதைப் பார்ப்போம். இலைக்கோழி போன்றவை தென்மேற்குப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, மிதக்கும் இலைமேல் முட்டையிடும். நவம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் இருக்கும். இரண்டையும் கழித்து, மழைக்கால அக்டோபரையும் விட்டால், மெஷின் இறங்க மிஞ்சுவது ஏப்ரலும் மே மாதமும்தான். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானலில் வருவதற்குள் முடித்தாக வேண்டும். அனுமதிக்கான காகிதங்களை ஜனவரியிலேயே நகர்த்தத் தொடங்குங்கள்.

அப்புறம், முழுக் குளத்தையும் ஒரே கோடையில் வழிக்காதீர்கள். இந்த ஆண்டு பாதி, அடுத்த ஆண்டு மீதி. நத்தைக்கும் ஆமைக்கும் வராலுக்கும் ஒதுங்க இடம் கிடைக்கும், உங்களுக்கும் ஒரே குளத்துக்குள்ளேயே ஒப்பிட ஒரு பாதி கிடைக்கும்.

ஆகாயத்தாமரை: இரண்டு வாரத்துக்குள் இரட்டிப்பாகக் கூடிய செடி இது, விதை சேற்றில் பதினைந்து ஆண்டுக்கு மேலும் உறங்கிக் கிடக்கும். அள்ளிக் கரையிலேயே குவித்தால் முதல் மழையில் திரும்ப உள்ளே வந்துவிடும். கரையைத் தாண்டி எடுத்துப்போய்க் காயவைத்து உரமாக்குங்கள். அதைவிட முக்கியம், அது என்ன சாப்பிட்டு வளர்கிறது என்று பார்ப்பது. நாகர்கோவிலைத் தாண்டி வரும் பழையாற்றில் சாக்கடை கலக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். வரத்துக் கால்வாயில் சாக்கடை வந்துகொண்டிருக்கும்வரை நீங்கள் அள்ளுவது அறுவடை மட்டும்தான். ஆழமில்லாத குளங்கள் தெளிந்த நீரும் நீருள் செடியுமாக ஒரு நிலையில், கலங்கலும் பாசியுமாக இன்னொரு நிலையில் நிலைத்துவிடும் என்பது ஏரி ஆய்வுகள் நன்றாகக் காட்டிய உண்மை. ஒரு நிலைக்குப் போய்விட்டால், சத்து வரத்தைக் கொஞ்சம் குறைத்த மாத்திரத்தில் பழையபடி திரும்பாது. அதனால் செலவின் பெரும்பகுதியை வரத்துக் காலின் வாயிலேயே போடச் சொல்வேன்.

பூச்சியை வைத்துக் களையைக் கட்டுப்படுத்துவதும் உண்டு. கேரளத்தில் 1980களில் ஆப்பிரிக்கப் பாயல் என்ற நீர்க்களையை ஒரு சிறு கூன்வண்டு அடக்கியது பெயர்பெற்ற வெற்றி. ஆகாயத்தாமரைக்கும் தனி வண்டுகள் இந்தியாவுக்கு வந்தன, பலன் இடத்துக்கு இடம் மாறியது. இது ஆராய்ச்சி நிலையங்களின் கையில் இருக்க வேண்டிய வேலை, நாமாக வாங்கி விடக் கூடாது.

தாமரையையும் ஆம்பலையும் களையோடு சேர்த்து வாரிவிடாதீர்கள். சம்பு நம்மூர்ச் செடிதான், ஆனால் விட்டால் குளத்தையே பிடித்துக்கொள்ளும். கால்பங்குக்கு மேல் பரவாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது என் கணக்கு.

தூர்: வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அனுமதி வாங்கலாம். எடுக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, அடியில் இருக்கும் களிமண் படுகையை உடைக்காதீர்கள், உடைந்தால் தண்ணீர் நிற்காது. நான்கைந்து இடத்தில் குழி போட்டு வண்டல் எவ்வளவு, களி எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அந்த ஆழத்தை ஜேசிபி டிரைவரிடம் எழுதிக் கொடுங்கள். இரண்டு, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டாதீர்கள். உள்ளான்களுக்குச் சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும், நெடுங்கால் உள்ளானுக்கு 15 சென்டிமீட்டர் வரை, அதற்கு மேல் ஆழம் அவற்றுக்கு உதவாது. கிண்ணம்போல வெட்டின குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கும், பறவை நிற்க இடமிருக்காது. குளத்து நடுவில் தீவு, சுற்றி டைல்ஸ் நடைபாதை, லைட் கம்பம் என்று ஒரு மாதிரி வரைபடம் சுற்றுகிறது. அது பூங்காவுக்கு நல்லது.

சீமைக்கருவேலம்: அஞ்சுகிராமம், ஆரல்வாய்மொழிப் பக்கம் உள்ளவர்களுக்குத்தான் இது பெரிய தலைவலி. வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். புறம்போக்கு மரம் அரசு சொத்து, அனுமதியில்லாமல் கைவைக்கக் கூடாது. அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். கூடு இருக்கும் மரங்களைக் கடைசிக்கு வையுங்கள்.

கரையில் நடுவது: பனங்கொட்டை, தாழை, பூவரசு, நீர்மருது, நாவல், புங்கு, வெட்டிவேர். கடற்கரைப் பக்கமென்றால் புன்னை. உங்கள் காவுப் பட்டியலில் இல்லாத மரத்தை நர்சரியில் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள். மடைக்கும் மறுகாலுக்கும் பக்கத்தில் பெரிய மரம் வேண்டாம், வேர் கட்டுமானத்தைப் பிளந்துவிடும். குளத்துக்குள், திறந்த சேற்றுப் பகுதியில், மரமே வேண்டாம். நட்டதில் கால்பங்குக்காவது எண் தகடு கட்டி, 6 மாதம், 1 ஆண்டு, 3 ஆண்டு என்று எது பிழைத்தது என்று பாருங்கள். எத்தனை நட்டோம் என்ற எண்ணால் ஒரு பயனும் இல்லை.

மணக்குடிக் காயலில் அலையாத்தி நட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொழி, அதாவது காயல் கடலில் சேரும் வாய், மணலால் அடைந்தால் உள்ளே தண்ணீர் ஏறும், கன்று நாட்கணக்கில் மூழ்கும், உப்பும் மாறும். ஓர் ஆண்டு முழுக்க நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் அளந்த பிறகே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பிலிப்பைன்ஸில் பல பத்தாண்டு நடவுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வில் நெடுங்காலம் பிழைத்தவை 10 முதல் 20 சதவீதம்தான் என்று தெரிந்தது. பெரும்பாலும் தவறான இடத்தில் தவறான இனத்தை நட்டதுதான் காரணம். ராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது, முதலில் அங்கே போய்ப் பேசுங்கள்.

படி 7: திரும்பத் திரும்ப அளப்பது

வேலை முடிந்த பிறகு, படி 4இல் செய்த அதே அளவுகள், அதே இடம், அதே மாதம், குறைந்தது 3 ஆண்டு. முதல் ஆண்டு எண்கள் பெரும்பாலும் மோசமாகத்தான் இருக்கும். சேறு கலங்கியிருக்கும், பறவை மிரண்டிருக்கும். அதைப் பார்த்துப் பயந்து அளப்பதை நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

எண்கள் எதிர்பார்த்தபடி வரவில்லையென்றால் வேலையை மாற்றுங்கள். களை ஒரு பக்கம் மட்டும் திரும்பி வருகிறதா? அந்தப் பக்கத்து வரத்தைப் பாருங்கள். கன்று எல்லாம் ஒரே வரிசையில் சாகிறதா? அங்கே மண்ணை எடுத்து வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். குத்தகைதாரர் வலையில் ஆப்பிரிக்கக் கெளுத்தி விழத் தொடங்கியிருந்தால் மீன்வளத்துறைக்கு உடனே எழுதுங்கள். வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன் அது, மற்ற மீன்களைத் தின்று தீர்க்கும்.

படி 8: மேஜைக்குப் போகும் தாள்

அதிகாரி மேஜையில் 40 பக்கம் போனால் அது அங்கேயே இருக்கும். இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் புல எண், பரப்பு, கேள்வி, என்ன செய்தோம், தொடாத குளம் எது, கழித்தல் கணக்கில் வந்த எண். இரண்டாம் பக்கத்தில் முன்–பின் படம், கீழே நாங்கள் கேட்பது என்ன என்று ஒரே வரி: 'வரத்துக் கால்வாயின் இந்த 200 மீட்டரில் கழிவுநீரைத் திருப்ப வேண்டும்' என்பதுபோல. பலனில்லாத அளவுகளையும் அதே தாளில் போடுங்கள், அப்போதுதான் மற்றவற்றை நம்புவார்கள்.

மூல அளவுத் தாள்களை மூன்று இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி உள்ளாட்சியின் உயிர்ப்பல்வகைமை மேலாண்மைக் குழுவுக்கு. 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும், மக்கள் உயிர்ப்பல்வகைமைப் பதிவேட்டில் உங்கள் பட்டியல் ஏறும். உங்கள் ஊரில் அப்படியொரு குழு காகிதத்தில் மட்டும் இருந்தால், அதன் உறுப்பினர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டாலே கூட்டம் கூடும். இரண்டாவது பிரதி உதவிய கல்லூரித் துறைக்கு. பறவைக் கணக்கை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்திலும் ஏற்றிவிடுங்கள். மூன்றாவது ஊரில், பள்ளியிலோ நூலகத்திலோ, பூட்டில்லாத அலமாரியில். குழுவின் தலைவர் வீட்டு பீரோவில் மட்டும் வேண்டாம்.